நாட்டுத் துப்பாக்கியும் முயல் வேட்டையும்: ஓர் எளிய விளக்கம்

'நாட்டுத் துப்பாக்கியுடன் இருவர் கைது' என்று பேப்பரில் செய்தி வந்தால், எங்கள் அல்சூர் டீக்கடையில் அன்று காலை முழுக்க அதுதான் பேச்சு. "பட்டறையில கள்ளத்தனமா செய்யறதுங்க அது" என்பார் ஒருவர். "அதெல்லாம் இல்ல, வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கி" என்பார் இன்னொருவர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெங்களூருக்கு வந்த ஒரு பெரியவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "எங்க ஊர்ல அதுலதான் முயல் அடிப்போம். சின்ன வேட்டைதானே, அதுக்கெல்லாம் சட்டம் கிடையாது தம்பி" என்று முடித்துவைப்பார்.

முதல் இருவர் சொல்வதில் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது. பெரியவர் சொல்வது இன்றைக்கு ஆபத்தான தவறு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பையன்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அதை நம்பித் துப்பாக்கியைத் தொட்டால் ஜெயிலுக்குத்தான் போக வேண்டிவரும். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. அதனால் அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

## பெயரில் இருக்கும் சிக்கல்

'நாட்டு' என்ற சொல் அதை யார் செய்தார்கள் என்பதைச் சொல்கிறது. எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. துப்பாக்கிகளை வகை பிரிக்க வேண்டுமானால் ஒரே ஒரு கேள்வி போதும்: மருந்தையும் குண்டையும் எந்தப் பக்கம் வழியாகப் போடுகிறோம்? குழலின் முன்பக்கத் திறப்பு, அதாவது குண்டு வெளியே போகும் அதே வாய் வழியாகப் போட்டால் அது வாய்வழித் துப்பாக்கி. பின்பக்கம் திறந்து போட்டால் பின்வழித் துப்பாக்கி. நம் ஊர் லைசென்ஸ் புத்தகங்களில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருப்பார்கள். ஒற்றைக் குழல், வாய்வழி என்று அர்த்தம். எஸ்.பி.பி.எல். என்றால் ஒற்றைக் குழல், பின்வழி.

ஆக, 1840-இல் லண்டனில் வெள்ளி வேலைப்பாட்டோடு செய்ததும் வாய்வழித் துப்பாக்கியாக இருக்கலாம், கிராமத்துக் கொல்லர் தண்ணீர்க் குழாயை வைத்துச் செய்ததும் வாய்வழித் துப்பாக்கியாக இருக்கலாம். கொலை, கொள்ளைச் செய்திகளில் வரும் கள்ளக் கைத்துப்பாக்கி பெரும்பாலும் தோட்டா போடும் பின்வழி வகை. இதை எல்லாம் ஒரே பெயரில் 'நாட்டுத் துப்பாக்கி' என்று சொல்வதால்தான் டீக்கடையில் மூன்று பேர் மூன்று பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்தக் கட்டுரை வாய்வழித் துப்பாக்கியைப் பற்றி மட்டும்.

## புஸ்வாணத்துக்கு ஒரு மூடி போட்டால்

தீபாவளிக்கு ஓசூர் ரோட்டில் பட்டாசு வாங்கி வந்தவர்களுக்கு இந்த இயந்திரம் பாதி புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். புஸ்வாணத்தில் மேல்வாய் திறந்திருக்கிறது. மருந்து எரிந்து உண்டாகும் வாயு, பொறிகளை அள்ளிக்கொண்டு 'உஸ்' என்று மேலே போகிறது. லட்சுமி வெடியில் நாலாபக்கமும் இறுகச் சுற்றியிருப்பதால் வாயுவுக்குப் போக வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, சுற்று கிழிந்து 'டமால்'. மருந்துக் கலவை வேறாக இருந்தாலும் வித்தியாசத்தின் ஆணிவேர் அடைப்புதான்.

துப்பாக்கி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குழலின் பின்பக்கம் இரும்பால் அடைபட்டிருக்கிறது. சுற்றுச்சுவரும் இரும்பு. முன்பக்கம் மட்டும் நகரக்கூடிய ஓர் அடைப்பு இருக்கிறது. அதுதான் குண்டு. வாயு விரியும்போது எந்தப் பக்கம் இளகிக் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் தள்ளும். குழல் முழுக்க அதைத் தள்ளிக்கொண்டே போய் வாயில் கொண்டுவந்து விடும். குழல் துருப்பிடித்து மெலிந்திருந்தாலோ, குண்டு பாதி வழியில் சிக்கியிருந்தாலோ எந்தப் பக்கம் இளகும் என்று சொல்ல முடியாது. பழைய துப்பாக்கியைச் சும்மா சுட்டுப் பார்க்கலாம் என்று எடுத்தவர்கள் விரலையும் கண்ணையும் இழப்பது இப்படித்தான்.

உள்ளே எரிவது கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த பழைய மருந்துக்கு இந்தப் பெயர். கரியும் கந்தகமும் எரிபொருள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு தருகிறது. அதனால்தான் காற்றே புகாத குழலுக்குள்ளும் அது எரிகிறது. இந்த வெடியுப்புக்காக டச்சுக் கம்பெனியும் ஆங்கிலேயக் கம்பெனியும் பீகாரில் போட்டி போட்டு வாங்கிக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கின்றன. அங்கே நடந்த போர்கள் பலவற்றில் எரிந்தது நம் மண்ணில் வடித்தெடுத்த உப்பு.

கருமருந்து எரியும்போது அதில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறுவதே இல்லை. நுண்ணிய திடத்துகளாகவே வெளியே வருகிறது. சுட்டவுடன் வரும் வெள்ளைப் புகைமூட்டம் அதுதான். மீதி குழலுக்குள் கறுப்புச் சேறாகப் படியும். அந்தப் படிவு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் என்பதால் சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். 1884-இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகு ராணுவங்கள் கருமருந்தை ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

## பார்சல் சாப்பாடும் இலைச் சாப்பாடும்

தோட்டா, குண்டு, ரவை என்ற மூன்று சொற்களையும் நாம் மாற்றி மாற்றிப் போடுகிறோம். இங்கே பிரித்துவிடலாம். குண்டு என்றால் ஒற்றை ஈயப் பந்து. ரவை என்றால் ஒரே வெடியில் கூட்டமாகப் போகும் பொடி ஈயமணிகள். தோட்டா என்பது மருந்து, குண்டு அல்லது ரவை, தீ மூட்டும் கேப்பு எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைத்த பொட்டலம்.

தோட்டாவைப் பார்சல் சாப்பாடு என்று எடுத்துக்கொண்டால் வாய்வழித் துப்பாக்கி இலைச் சாப்பாடு. ஒவ்வொன்றாகத்தான் பரிமாற வேண்டும், வரிசையும் மாறக் கூடாது. முதலில் அளந்த மருந்து. அதன் மேல் மருந்தையும் ரவையையும் பிரிக்கும் ஓர் அடைப்பு, அதாவது தக்கை. அப்புறம் ரவை. ரவை கொட்டிவிடாமல் இருக்க இன்னொரு மெல்லிய தக்கை. ஒவ்வொன்றையும் நீளமான குச்சியால் அடிவரை தள்ளி உட்கார வைக்க வேண்டும். கடைசியாகத்தான் வெளியே கேப்பு. பழகிய சிப்பாய்கள் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடுவார்கள் என்பது அந்தக் காலக் கணக்கு. வேட்டைக்காரருக்கு அந்த அவசரமும் இல்லை, அதனால் பயனும் இல்லை. முதல் வெடிக்குப் பிறகு முயல் அங்கே நின்றுகொண்டிருக்காது.

பள்ளிக்கூடத்தில் 1857 பாடம் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருப்பதாகப் பேச்சு எழுந்தது, சிப்பாய்கள் அதைப் பல்லால் கடிக்க மறுத்தார்கள் என்று எழுதியிருந்தது. தோட்டாவை எதற்காகக் கடிக்க வேண்டும்? ஆசிரியரும் சொல்லவில்லை. விடை இதுதான்: 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ஒரு வாய்வழித் துப்பாக்கி. அதன் தோட்டா வெறும் காகிதச் சுருள். உள்ளே மருந்தும் குண்டும் இருக்கும். சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, குண்டைத் திணிக்க வேண்டும். ஒரு கையில் துப்பாக்கி இருக்கும்போது கிழிப்பதற்குப் பல்தான் உண்டு. துப்பாக்கி பின்வழியாக இருந்திருந்தால் அந்தக் கடிக்கும் வேலையே வந்திருக்காது.

இதுவரை பார்த்ததைத் திரும்பச் சொல்கிறேன். வாய்வழித் துப்பாக்கி என்பது ஒருபக்கம் அடைத்த இரும்புக்குழல். முன்வாய் வழியாகக் கருமருந்து, தக்கை, குண்டு அல்லது ரவை என்று வரிசையாகப் போகும். தீ பட்டதும் வாயு விரிந்து குண்டை வெளியே தள்ளும். இனி, அடைத்த குழலின் அடிக்குத் தீ எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

## திரி, கல், கேப்பு

முதலில் வந்தது திரி. மெல்லக் கனலும் கயிற்றைக் கொக்கி ஒன்றில் மாட்டி, குழலின் பக்கவாட்டில் இருக்கும் சிறு துளையருகே இறக்குவார்கள். மழை பெய்தால் வேலைக்கு ஆகாது. இருட்டில் கங்கு தெரியும், நாற்றம் வேறு. கொக்கு, கௌதாரி எதுவும் பக்கத்தில் விடாது.

அடுத்தது சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும் மருந்தில் விழுந்து பற்றும். அந்தத் தீ துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். கிண்ணத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம், கண்ணிமைக்கும் நேரம் கழித்து வெடி. அந்த இடைவெளி மனிதனுக்கு ஒன்றுமில்லை, நீர்ப்பறவைக்குப் போதும். வெளிச்சத்தைப் பார்த்ததும் அது எழும்பிவிடும்.

ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியாரை இந்த விஷயம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்குப் பறவை வேட்டையில் பிரியம். தட்டினாலே தீப்பிடிக்கும் ரசாயனப் பொடியைப் பயன்படுத்தினால் கிண்ணமும் வெளிச்சமும் வேண்டாம் என்று கண்டுபிடித்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பொடியைச் செம்புத் தொப்பிக்குள் அடைத்தார்கள். அதுதான் கேப்பு. பிள்ளைகளின் பொம்மைத் துப்பாக்கியில் போடும் பொட்டு வெடி இருக்கிறதே, சுத்தியல் தட்டினால் 'பட்' என்று ஒரு பொறி வருமே, அதே தத்துவம். இங்கே அந்தப் பொறி ஒரு குட்டிக் குழாய் வழியாக நேராக மருந்துக்குள் போகிறது.

இன்றைய தோட்டாக்களின் அடியில் இருப்பதும் இதன் வாரிசுதான். உலகத்துப் படைகளின் துப்பாக்கியை மாற்றியது ஒரு பாதிரியாரின் வாத்து வேட்டை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

## சின்ன உயிருக்குத் தனிக் கணக்கு

முயல், காடை, அணில் போன்றவற்றுக்கும் மான், பன்றிக்கும் ஒரே குழலைப் பயன்படுத்தலாம். உள்ளே போடுவது மட்டும் மாறும். பெரிய விலங்குக்கு ஒற்றைக் குண்டு. பறக்கும் பறவைக்கும் ஓடும் முயலுக்கும் ரவை. ரவை வெளியே வந்ததும் பூவாளித் தண்ணீர் போல விரியும். குறி கொஞ்சம் தவறினாலும் சில மணிகள் படும். ஆனால் தூரம் போகப் போக மணிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகும், வேகமும் குறையும். ஏறக்குறைய 25 மீட்டருக்கு மேல் இந்தப் பழைய குழல்களை நம்பிச் சுடுவது நியாயமில்லை. உயிர் போகாது, காயத்தோடு புதருக்குள் போய்ச் செத்துக்கொண்டிருக்கும். அதனால் இந்த வேட்டையில் திறமை என்பது சுடுவதைவிட, பக்கத்தில் போவதில்தான் இருந்தது.

குழலின் அளவைச் சொல்லும் '12 போர்' என்ற பேச்சு பலரைக் குழப்பும். ரஸ்ஸல் மார்க்கெட்டில் இறால் வாங்கியவர்களுக்கு இது சுலபம். கிலோவுக்கு 30 நிற்கும் இறால் பெரிது, 60 நிற்பது சின்னது. எண் கூடினால் உருவம் குறையும். அதே மாதிரி, ஒரு பவுண்டு ஈயத்தில், அதாவது சுமார் 454 கிராமில், குழலுக்குச் சரியாகப் பொருந்தும் உருண்டைகள் 12 செய்ய முடிந்தால் அது 12 போர். 20 செய்ய முடிந்தால் 20 போர். ஆகவே 20 போர்தான் ஒல்லியான குழல்.

அந்தக் குட்டி ரவையை உருண்டையாக எப்படிச் செய்தார்கள் என்பது அழகான கதை. 1782-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் வாட்ஸ் என்ற குழாய் வேலைக்காரர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பூந்திக் கரண்டியில் மாவை ஊற்றித் தட்டினால் துளித்துளியாக எண்ணெயில் விழுமே, அதேதான். உயரமான கோபுரத்தின் உச்சியில் உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக ஊற்றினார். துளிகள் கீழே விழும்போதே, மழைத்துளி போலத் தானாக உருண்டு இறுகி, அடியில் வைத்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்தன. நம் ஊர்ச் செய்திகளில் வரும் 'பால்ரஸ் குண்டு' அந்த ரவை அல்ல. அது வண்டி பேரிங்கிலிருந்து எடுத்த எஃகு மணி.

ஈய ரவைக்கு இன்னொரு முகமும் உண்டு. வாத்துகள் தீனியை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும். குளத்தடியில் கிடக்கும் ஈய ரவையையும் கல் என்று நினைத்து விழுங்கி விஷமேறிச் சாகும். இதனால் அமெரிக்காவில் 1991-இலிருந்து நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்காவில் அணில் வேட்டைக்கென்றே ஒரு தனி வகை உண்டு. குழலின் உள்சுவரில் திருகு போலப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். குண்டு சுழன்றுகொண்டே வெளியே வரும். சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டு நேராகப் போகும். இதில் போடும் குண்டு பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதிகம். உடம்பில் பட்டால் கறி வீணாகிவிடும் என்று தலையைக் குறிவைப்பார்கள். இன்னும் தேர்ந்தவர்கள் அணில் உட்கார்ந்திருக்கும் மரப்பட்டையில் அடித்து, அந்த அதிர்ச்சியிலேயே விழவைப்பார்களாம். அங்கே இன்றும் லைசென்சும் பருவமும் வைத்து இந்த வேட்டை சட்டப்படி நடக்கிறது. வீடியோக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பதுதான் அடுத்த சிக்கல்.

## பெரியவர் சொன்னது எங்கே தவறு

டீக்கடைப் பெரியவர் பொய் சொல்லவில்லை, பழைய கணக்கைச் சொல்கிறார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதில் 'சிறு வேட்டை' என்றே ஒரு வகை இருந்தது. நான்காம் அட்டவணையில் இருந்த உயிர்களை உரிமம் வாங்கி வேட்டையாடலாம். அப்போதும் உரிமம் வேண்டும், ஆனால் கிராமத்தில் யார் போய் வாங்கினார்கள்? 1991-இல் சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடியோடு மூடிவிட்டார்கள். 2022 திருத்தம் அட்டவணைகளையே மாற்றி எழுதியது. அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காட்டு முயல், கௌதாரி, காட்டுக் காடை எதையும் வேட்டையாட முடியாது. 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சரணாலயத்துக்குள் என்றால் இன்னும் கடுமை. ஹோட்டலில் சாப்பிடும் காடை பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. அது வேறு.

சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் இல்லை. கண்ணி வைப்பது, பிடிப்பது, விரட்டுவது, கூட்டையும் முட்டையையும் கலைப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட வேட்டைதான். "நான் சுட்டேன், படவே இல்லை" என்பது தப்பிக்கும் வழியாகாது. ஏர்கன்னால் அடித்தாலும் அதே கதை.

துப்பாக்கியை வைத்திருப்பது தனி விஷயம், தனிச் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வாய்வழித் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உண்மையாகவே பயிரைக் காப்பாற்ற வைத்திருப்பவருக்கு அதன் கீழ் லைசென்ஸ் கொடுக்கலாம். லைசென்ஸ் கொடுக்கலாம் என்றால் லைசென்ஸ் வேண்டும் என்றுதான் அர்த்தம். 'பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்' என்ற பேச்சும் பாதிதான் சரி. பழுது பார்த்தாலும் சுடவே முடியாத நிலையில் இருக்கும் பழம்பொருளுக்குத்தான் அந்த விலக்கு. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது, இன்னும் சுடும் என்றால் அது ஆயுதம்.

இதில் எனக்குச் சங்கடமான பக்கமும் ஒன்று உண்டு. நரிக்குறவர்களுக்குக் குருவிக்காரர் என்றே இன்னொரு பெயர். இங்கே பன்னேர்கட்டா பக்கம் குடியிருக்கும் ஹக்கிபிக்கி மக்களின் பெயரிலும் ஹக்கி என்றால் பறவை. தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பாக இருந்ததை ஒரு திருத்தத்தில் மூடும்போது, வேறு பிழைப்புக்கு வழி செய்வதும் அரசின் கடமை. தடை சரியானது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தக் கடமை முழுதாக நிறைவேறியதாக நினைக்கவில்லை.

சுருக்கமாக மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி எந்த வகை? அதை வைத்திருக்க அனுமதி உண்டா? அதை வைத்து என்ன செய்யப்போகிறோம்? ஒன்றுக்குக் கிடைத்த விடை மற்றதற்குப் பொருந்தாது.

## குடகில் ஒரு செப்டம்பர்

இந்த மூன்றும் எப்படித் தனித்தனி என்பதைக் குடகில்தான் கண்ணால் பார்த்தேன். அந்த மண்ணின் மக்களான குடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் துப்பாக்கி லைசென்சிலிருந்து விலக்கு உண்டு. 1861-இல் அதைத் தந்தவர் பிரிட்டிஷ் கமிஷனர் மார்க் கப்பன். நாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போகும் கப்பன் பார்க்குக்குப் பெயர் தந்தவரேதான். அந்த விலக்கை 2019-இல் மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது. விலக்கு வைத்திருப்பதற்குத்தான். வேட்டைத் தடை அவர்களுக்கும் உண்டு.

கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் கைல் போள்து பண்டிகைக்கு விராஜ்பேட்டைப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். செப்டம்பர் 3-ஐ ஒட்டி வரும் ஆயுத பூஜை அது. முன்பெல்லாம் நடவு முடிந்து வேட்டைக்குக் கிளம்பும் நாள். இப்போது தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி நடக்கிறது. பூஜை அறையில் துப்பாக்கிகளைச் சாய்த்து, குழலின் வாயில் பூ வைத்திருந்தார்கள். நம் செங்காந்தள் பூ. தமிழ்நாட்டின் மாநிலப் பூவை அவர்கள் 'தோக் பூ' என்கிறார்கள். தோக் என்றால் துப்பாக்கி.

நண்பரின் தாத்தா, எல்லோரும் அஜ்ஜா என்று கூப்பிடுகிறவர், கேப்பு வைக்கும் பழைய வாய்வழித் துப்பாக்கி ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினார். கையை நீட்டினேன், தரவில்லை. "முதல்ல இவன் சாப்பிட்டிருக்கானா, வெறும் வயிறான்னு கேட்கணும்" என்று கன்னடத்தில் சொன்னார். பின்வழித் துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் தோட்டா இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதில் திறக்க எதுவும் இல்லை. மாதக்கணக்கில் மருந்தோடு சுவரில் தொங்கியிருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. குழலின் வாய் யார் பக்கமும் திரும்பாமல் பிடித்துக்கொண்டு குச்சியை உள்ளே விட்டார். அடியில் தட்டி 'டிங்' என்று இரும்புச் சத்தம் வந்தது. குச்சியில் கத்தியால் கீறிய கோடு ஒன்று குழலின் விளிம்போடு சரியாக ஒட்டி நின்றது. "கோடு மேல நின்னா உள்ள ஏதோ இருக்கு. சத்தமும் மொத்தையா வரும்." என்னையும் ஒரு முறை விட்டுப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கையில் கொடுத்தார். நினைத்ததைவிடக் கனம். விசைக்குப் பக்கத்தில் மரம் அவர் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

கடைசியாக எப்போது வேட்டைக்குப் போனது என்று கேட்டேன். வேட்டையை விட்டே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார். அப்படியானால் இது சும்மாவே இருக்கிறதா?

"பத்து வருஷத்துல மூணு தடவை சுட்டிருக்கேன். பேரன் பொறந்தப்ப ஒண்ணு" என்றார். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி, அது அவர்கள் வழக்கம். "அண்ணன் போனப்ப ரெண்டு. முதல் வெடி போட்டுட்டு ரெண்டாவதுக்கு மருந்து நிரப்பணும்ல, அப்ப கை நடுங்கிடுச்சு. பையன்தான் குச்சியைப் பிடிச்சான்."